பாகூருக்கு டீ குடிக்கத்தான் போனோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், பாகூர் ஏரிக்கரையில் சைக்கிள்களோடு நிற்கும் ஒரு கூட்டத்தின் படம் வந்திருந்தது. 'சுற்றுச்சூழல் விழிப்புணர்வு மிதிவண்டிப் பேரணி: கடலூர், புதுவை இளைஞர்கள் பங்கேற்பு' என்று தலைப்பு. படத்தின் வலது ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேரியரில் ரெக்சின் பையோடு நிற்கும் இளைஞர் நான்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகு இப்படி ஒரு பட்டம் கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. மற்ற விஷயங்களைத்தான் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு யாரும் யாருக்கும் விழிப்புணர்வு ஊட்டவில்லை. கோஷம் கிடையாது, பேனர் கிடையாது. விடியற்காலையில் கிளம்பினோம், பாகூர் போய் டீ குடித்தோம், வடை தின்றோம், சைக்கிள் கதை பேசினோம், வெயில் ஏறியதும் திரும்பினோம். இதைச் செய்தியாகப் போட முடியாது என்று உங்கள் நிருபர் நினைத்திருக்கலாம். நியாயம்தான். ஆனால் நீங்கள் பேரணி என்று போட்டதைப் பார்த்துவிட்டு ஒரு அமைப்பு எங்களைத் தேடி வந்துவிட்டது. அடுத்த மாதம் அவர்களே நடத்தித் தருகிறார்களாம். ஆளுக்கொரு மஞ்சள் டி-ஷர்ட், நெஞ்சில் நம்பர், பதிவுக் கட்டணம், முடிவில் மெடல், கொடியசைக்க ஒரு முக்கியப் பிரமுகர். 'கியர் சைக்கிள் மட்டும்' என்று ஒரு நிபந்தனையும் உண்டு. படத்தில் எல்லாம் ஒரே மாதிரி அழகாகத் தெரியுமாம். எங்களில் சிலருக்கு இதில் ஆசை வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் அது வாடகை சைக்கிள் கடை. சுவரில் மாட்டிய சிலேட்டில் பெயரும் எடுத்த நேரமும் எழுதி வைப்போம். அப்போதெல்லாம் சைக்கிளுக்கு நகராட்சி லைசென்ஸ் வில்லை வேண்டும், ராத்திரியில் டைனமோ எரிய வேண்டும். டபுள்ஸ் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்டு உருட்டிக்கொண்டு போகச் சொல்வார். ஊரில் பாதிப்பேர் எங்கள் அரை சைக்கிளில்தான் ஓட்டக் கற்றார்கள். வாடகைக்கு எடுக்கக் காசில்லாதவர்கள் வீட்டுப் பெரிய சைக்கிளில் குரங்கு பெடல் போட்டு, முட்டியைத் தேய்த்துக்கொண்டு, கோட்டமான ரிம்மோடு எங்கள் கடைக்கு வருவார்கள். எப்படியும் வருமானம் எங்களுக்குத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் சில வருடங்களுக்கு முன் என் கடை வாசலில் ஆரம்பித்தது. ஓவராயில் பண்ணக் கொடுத்த சைக்கிளை எடுக்க வந்த நாலைந்து பேர், "சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாமா" என்று பேசிக்கொண்டார்கள். அதில் ஒருவருக்குப் புதுச்சேரியில் தன்னைப் போலவே சைக்கிள் பைத்தியமான மச்சான். நீ வா, நான் வர மாட்டேன் என்று இரண்டு பக்கமும் இழுபறி. கடைசியில் நடுவில் பாகூரில் சந்திப்பது என்று முடிவாயிற்று. எங்களுக்குக் கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர், அவர்களுக்கு 20 பக்கம் வரும். அவர்களுக்குத் தூரம் கூட என்பதால் வடைக்காசு நாங்கள் கொடுப்போம். தலைவர், செயலாளர் யாரும் கிடையாது.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலை ஐந்தரைக்குக் கூடுவோம். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டும்போது கிழக்கே வெளுக்கும். அப்புறம் முள்ளோடை, கன்னியக்கோயில், அங்கிருந்து மேற்கே திரும்பினால் பாகூர். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கடலூர்க்காரன் ஒருவன் பையை மாட்டிக்கொண்டு, புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடைப் பக்கம் போனால் ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "கடை தொறக்குறதுக்குள்ள போய் என்ன மாமா பண்ணப் போறீங்க?" என்று எதிர்வீட்டுப் பையனே கேட்டான். ஒருமுறை திரும்பி வரும்போது சோதனைச்சாவடியில் என் ரெக்சின் பையைத் திறந்து பார்த்த காவலர், பஞ்சர் சொல்யூஷன் டியூபை மோந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அதன் பிறகு எங்களை அடையாளம் தெரிந்துகொண்டு கையை ஆட்டி அனுப்பிவிடுகிறார்.

எங்கள் கூட்டத்தில் விதி என்று இருப்பது ஒன்றுதான்: மெதுவாக மிதிப்பவர் முன்னால் போவார். அவரைத் தாண்டி யாரும் போகக் கூடாது. நெடுஞ்சாலையில் ஒற்றை வரிசை, பாகூர் ரோட்டில் இரண்டு இரண்டு பேராகப் பேசிக்கொண்டு போகலாம். கடைசி ஆள் நான், பையோடு. என் ஹெர்குலஸ் சைக்கிளின் முன் செயின் சக்கரத்தில் 44 பல், பின்னால் 18. ஒரு முழு மிதிக்கு ஐந்தரை மீட்டர் நகரும். கியரும் கிடையாது, அவசரமும் கிடையாது. மணிக்கு 15 கிலோமீட்டர் போனால் மூச்சு வாங்காமல் பக்கத்தில் வருபவரோடு மருமகள் கதை வரை பேசலாம். சைக்கிளில் பேச முடியாத வேகத்தில் போவதென்றால் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்பது என் கட்சி.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் விடியலில் மேற்கேயிருந்து அடிக்கும். கன்னியக்கோயிலில் திரும்பியதும் நேராக முகத்தில் வாங்கிக்கொண்டு போவோம். சரி, வரும்போது தள்ளிக்கொண்டு வரும் என்று பார்த்தால், டீயும் பேச்சும் முடிவதற்குள் பதினொன்றாகிவிடும், கடல்காற்று எழுந்துவிடும். அது தென்கிழக்கிலிருந்து வரும். நாங்கள் போக வேண்டியதோ கிழக்கும் தெற்கும். போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. பத்து மணிக்கே கிளம்பினால் இந்தத் தொல்லை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கிளம்புவதில்லை.

இப்போது யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடித்து, அதே சீருடையோடு, தூக்குவாளி ஹேண்டில்பாரில் ஆட வருகிறவர் ஒருவர். வங்கியில் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் கார்பன் ஃபிரேம் சைக்கிள். விலை கேட்டு என் மனைவி, "இதுக்கு மூணு பவுன் எடுத்துருக்கலாமே" என்றாள். தமிழக அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டியில் ஒரு பிளஸ் டூ பெண், துணைக்கு அவளுடைய அத்தை. புதுச்சேரிப் பக்கத்திலிருந்து பழைய ராலேயில் ஒரு பெரியவர் வருவார். அதன் செயின் கவரைத் துடைத்துத் துடைத்தே பெயிண்ட் போய்விட்டது. மஞ்சள் டி-ஷர்ட் திட்டப்படி இவர்களில் அந்த வங்கித் தம்பி ஒருவர்தான் தேறுவார்.

அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அவர் 200 கிலோமீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் நெடுந்தூரப் பயணங்களுக்குப் போகிறவர். அது பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கிய முறையாம். அவர்கள் ஊரில் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் பயணம் இருக்கிறது. 1891-ல் பந்தயமாக ஆரம்பித்தது. இப்போது நான்கு வருடத்துக்கு ஒருமுறை, 90 மணி நேரக் கெடு. வெற்றி தோல்வி இல்லை, கெடுவுக்குள் வந்தால் போதும். அதற்குப் போக வேண்டும் என்பது தம்பியின் கனவு. போகட்டும், மெடல் வாங்கட்டும், நான் மாலை வாங்கிப் போடுகிறேன். அவரும்கூட ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வருவது மெடலுக்காக இல்லை.

அன்று, அதாவது உங்கள் படம் எடுத்த அன்று, கன்னியக்கோயிலைத் தாண்டி வயல்வெளி ஆரம்பித்ததும் அவருடைய பின் டயர் பஞ்சர். அவர் கையில் மாற்று டியூப் இருந்தது. சட்டென்று மாற்றிக் காற்றடித்தார், நூறு அடி போவதற்குள் திரும்பவும் இறங்கிவிட்டது. அந்தப் பிளஸ் டூ பெண், "அண்ணா, முள்ளை எடுத்தீங்களா?" என்று கேட்டாள். எடுக்கவில்லை. டயரின் உள்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால் முள் கையைக் கிழிக்கும். அதனால் நான் கொஞ்சம் பஞ்சை எடுத்து, டயருக்குள் வைத்து, மெதுவாகச் சுற்றிலும் இழுத்தேன். ஒரு இடத்தில் பஞ்சு இழை மாட்டியது. சீமைக் கருவேல முள், வெளியே தலையே தெரியவில்லை, உள்ளே அரிசி நுனி அளவு நீட்டிக்கொண்டிருந்தது. குறட்டால் பிடுங்கினேன். பேசினுக்கு எங்கே போவது? பக்கத்து வாய்க்கால் தண்ணீரில் டியூபை அமுக்கிப் பிடித்து, குமிழி வந்த இடத்தில் அந்தப் பெண்ணே பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டாள். உப்புத்தாள் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது கொஞ்சம் காயும் வரை பொறுத்து ஒட்ட வேண்டும். அந்தப் பொறுமைதான் இப்போது ஒருவருக்கும் இல்லை. ஈரத்திலேயே ஒட்டுவார்கள், அரை மணியில் பிரிந்துவிடும்.

அப்புறம் காற்று. தம்பியின் குட்டிப் பம்பு முதல் டியூபுக்கு அடித்தபோதே சோர்ந்துபோய்விட்டது. என் பம்பு அவர் வால்வுக்குச் சேராது. நம்மூர் சைக்கிளில் இருப்பது ரப்பர் வால்வு டியூப் போட்ட பழைய டன்லப் வகை. கார், மோட்டார் சைக்கிளில் இருப்பது வேறு. இந்த மெல்லிசு டயர் சைக்கிள்களில் மூன்றாவது ஒன்று, பிரெஸ்டா. அதற்குப் பிரெஞ்சு வால்வு என்றும் ஒரு பெயர் உண்டாம். "பிரெஞ்சுக்காரன் ஆண்ட மண்ணுல நிக்கிறேன், பிரெஞ்சு வால்வுக்குக் காத்தடிக்க வழியில்லண்ணே" என்று தம்பி தலையில் கை வைத்துக்கொண்டார். என் பையில் சுண்டுவிரல் நகம் அளவு ஒரு பித்தளைத் தொப்பி இருந்தது. அதை வால்வின் மேல் திருகிவிட்டால் மோட்டார் சைக்கிள் வால்வு மாதிரி ஆகிவிடும். பால்காரர் ஒருவர் தன் மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து கால் பம்பு எடுத்துக் கொடுத்தார். அந்த டயருக்கு 80 பவுண்டுக்கு மேல் அழுத்தம் வேண்டும், என் சைக்கிளுக்கு அதில் பாதி போதும். சிப்காட் அண்ணன்தான் மிதித்து மிதித்து ஏற்றினார், ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த காலோடு.

கொடியசைத்து அனுப்பும் நிகழ்ச்சியில் இந்த முக்கால் மணி நேரத்துக்கு இடம் இருக்காது. ஆம்புலன்ஸும் பஞ்சர் வண்டியும் பின்னால் வரும், நம்பரைக் குறித்துக்கொண்டு தம்பியை வேனில் ஏற்றிக்கொள்வார்கள். மற்றவர்கள் அதற்குள் மெடல் வாங்கியிருப்பார்கள்.

பாகூரில் என்ன செய்கிறோம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. ஊசுட்டேரிக்கு அடுத்து புதுச்சேரிப் பகுதியில் பெரிய ஏரி அது. சொர்ணாவூர் அணைக்கட்டில் பெண்ணையாற்றுத் தண்ணீரைத் திருப்பி, பங்காரு வாய்க்கால் வழியாகக் கொண்டுவருகிறார்கள். அந்த வாய்க்காலை வெட்டியது பங்காரி என்றும் அவள் தங்கை சிங்காரி என்றும் ஊரில் கதை சொல்வார்கள். எங்களில் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருக்கிறார். மூலநாதர் கோயில் சோழர் கல்வெட்டு, நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர் செப்பேடு, அதில் இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடுத்த சேதி என்று ஆரம்பித்துவிடுவார். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே காலேஜ் இருந்திருக்கிறது என்று அவர் சொல்லும்போது, அந்தப் பிளஸ் டூ பெண், "அப்ப பஸ் வசதி இருந்துச்சா சார்?" என்றாள். வாத்தியார் சிரித்துவிட்டு அடுத்த வடையை எடுத்துக்கொண்டார்.

மற்றபடி சாமான் பரிமாற்றம்தான். ஒருவர் பரணிலிருந்து எடுத்த டைனமோவைக் கொண்டுவருவார், ஒருவருக்கு ராலே பெல்லின் மூடி வேண்டும், ஒருவர் பழைய தோல் சீட்டை என்ன எண்ணெய் போட்டு மிருதுவாக்கலாம் என்று கேட்பார். அட்லஸ் வைத்திருப்பவர்கள் இப்போது கொஞ்சம் கவலையோடுதான் வருகிறார்கள். உலக சைக்கிள் தினம் என்று ஐ.நா. சபை 2018-ல் ஜூன் 3-ஐ அறிவித்தது. மூன்றாவது தினத்திலேயே, 2020 ஜூன் 3 அன்று, அட்லஸின் சாகிபாபாத் தொழிற்சாலை மூடப்பட்டது. வருடா வருடம் அந்தத் தேதியில் எங்காவது ஒரு பேரணிப் படம் பத்திரிகையில் வரும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

பேரணியே கூடாது என்று சொல்கிறேனா? இல்லை. அந்தப் பெண்ணின் அத்தை புதுக்கோட்டைக்காரர். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்களே, அதில் கற்றவர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூட்டமாக ஊருக்குள் ஓட்டிக்கொண்டு போனபோது திண்ணையிலிருந்து என்னென்ன பேச்சு வந்தது என்று அவர் சொல்லக் கேட்க வேண்டும். அது பேரணி. தனியாகப் போனால் கேலி பேசுவார்கள், கூட்டமாகப் போனால்தான் வாயடங்கும் என்ற தேவை இருந்தது. கல்யாணமாகிக் கடலூர் வந்த பிறகு இத்தனை வருடம் சைக்கிளைத் தொடாமல் இருந்தவர், அண்ணன் மகளுக்குத் துணையாக எங்களோடு திரும்ப ஏறியிருக்கிறார். நம்பர் குத்திக்கொண்டு, கட்டணம் கட்டி, மைக்கில் பெயர் கூப்பிட்டு வா என்றால் வருவாரா என்று அவரிடமே கேட்டேன். "போங்கண்ணே, வீட்டுல சோறு யாரு ஆக்குறது" என்றார். எங்களோடு வரும் ஞாயிறுகளில் சோறு யார் ஆக்குகிறார்கள் என்று நான் கேட்கவில்லை.

டி-ஷர்ட் தருகிறேன் என்ற அமைப்பினர் கெட்டவர்கள் இல்லை, நல்ல மனதோடுதான் வந்தார்கள். அவர்களுக்குப் பணம் செலவழிக்க ஆசை என்றால் ஒரு யோசனை சொல்கிறேன். அந்த டி-ஷர்ட் காசில் சிவப்புப் பிரதிபலிப்பான் வாங்குங்கள். முன்னிருட்டில் கட்டட வேலைக்கும் மீன் எடுக்கவும் சைக்கிளில் போகிறவர்களின் பின் மட்கார்டில் பாதிக்கு மேல் வெறுமையாகத்தான் இருக்கிறது. கடைக்குக் கொண்டுவந்தால் கூலியில்லாமல் பொருத்தித் தருகிறேன். ஹெல்மெட் பற்றியும் கேட்டார்கள். போடுவது நல்லதுதான், வாங்க முடிந்தவர்கள் போடுங்கள். இல்லாதவரை மைதானத்திலிருந்து திருப்பி அனுப்புவதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன்.

சாலையைக் கவனிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாலங்களின் இரண்டு ஓரத்திலும் மணல் சேர்ந்து கிடக்கிறது. லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தால் சைக்கிள்காரன் ஒதுங்குவது அந்த மணலுக்குள்தான், முன்சக்கரம் வழுக்கினால் விழுவது லாரிப் பக்கம். புதிதாகச் சாலை போட வேண்டாம், தனிப் பாதை கூட வேண்டாம். மாதத்துக்கு ஒருமுறை கூட்டி அள்ளினால் போதும். 'தானே' புயல் அடித்த 2011 டிசம்பர் கடைசியில், மரங்கள் விழுந்து கார் போக வழியில்லாதபோது, சைக்கிளைத் தோளில் தூக்கி மரத்தைத் தாண்டிப் போய்த்தான் இந்த ஊரில் பாலும் மருந்தும் வாங்கினோம். கூரைத் தகட்டு ஆணிகள் ரோடெல்லாம் சிதறி, அந்த வாரம் நான் ஒட்டிய பஞ்சருக்குக் கணக்கே இல்லை. பாதிப்பேரிடம் காசு கேட்க மனம் வரவில்லை.

அடுத்த பயணத்துக்கும் உங்கள் நிருபர் தாராளமாக வரலாம், படம் எடுக்கலாம். வந்தால் சைக்கிளில் வரச் சொல்லுங்கள். அவரிடம் இல்லையென்றால் என் கடையில் அப்பா காலத்து வாடகை சைக்கிள் ஒன்று இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது, தருகிறேன். வாசகர்களுக்கும் இதையே சொல்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு, எந்த ஞாயிறு என்று என் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். என்ன சைக்கிளாக இருந்தாலும் சரி. பிரேக் கட்டை தேய்ந்திருந்தால் மட்டும் முன்னமே மாற்றிவிடுங்கள். டயருக்குக் காற்றையும் சனிக்கிழமை சாயங்காலமே அடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை ஐந்தரைக்கு ஊரில் எந்தக் கடையும் திறந்திருக்காது, என் கடையும் சேர்த்துத்தான்.

இப்படிக்கு,
சைக்கிள் கடைக்காரர் ஒருவர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.